கறை படிந்தாலும் கணக்கு தப்பாது

2025 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. செய்தி வந்ததும் 'டிஜிட்டல் புரட்சி' என்ற பேச்சு மறுபடியும் எழுந்தது. எண்ணிக்கை பெரியதுதான். ஆனால், வியக்க வேண்டிய விஷயம் அதில் இல்லை. அது மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில், பூக்கூடை மேல் சாய்த்து வைத்த கியூஆர் அட்டையில் இருக்கிறது.

அந்த அட்டையில் நாள் முழுக்கத் தண்ணீர் தெறிக்கிறது. நாலு கடை தள்ளி இருக்கும் பஜ்ஜி வண்டி அட்டையில் எண்ணெய். மஞ்சள், குங்குமம் விற்கும் கடையில் அட்டை முழுக்கச் சிவப்புத் தூள். வெயிலில் வெளுத்து, ஓரம் பிய்ந்து, செலோடேப் ஒட்டிய அட்டைகளும் உண்டு. ஆனாலும் போனைக் காட்டினால் கடைக்காரர் பெயர் திரையில் வந்துவிடுகிறது. கறையால் ஓர் எழுத்து மாறி, பணம் முன்பின் தெரியாத யாருக்கோ போய்ச் சேருவதில்லை. எப்படி?

சதுரத்துக்குள் இருப்பது கடைக்காரரின் யுபிஐ முகவரியும் பெயரும் அடங்கிய ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரி எண்களாகி, எண்கள் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகின்றன. அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெயில் முகவரி கெட்டுவிடும். நிறுத்தவில்லை என்பதில்தான் சூட்சுமம்.

மளிகைக் கடைச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து சாமான், விலை முறையே 80, 45, 60, 30, 25 ரூபாய். மொத்தம் 240. கடைக்காரர் இன்னொரு கூட்டலும் போடுகிறார்: முதல் விலையை ஒன்றால், இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை மூன்றால் என்று பெருக்கிக் கூட்டினால் 595. இரண்டையும் சீட்டின் அடியில் எழுதிவிடுகிறார். வீட்டுக்கு வருவதற்குள் ஒரு விலை அழிந்து, 60 என்பது 90 ஆகத் தெரிகிறது. இப்போது கூட்டினால் 270. முப்பது ரூபாய் அதிகம். இரண்டாவது கூட்டல் 685, தொண்ணூறு அதிகம். தொண்ணூறை முப்பதால் வகுத்தால் மூன்று. தப்பு மூன்றாவது வரியில்! அதில் முப்பதைக் கழித்தால் பழைய 60 திரும்பி வந்துவிடும். கடைக்காரரைக் கேட்க வேண்டாம், எந்த விலை கெட்டது என்று முன்கூட்டித் தெரியவும் வேண்டாம். முதல் கூட்டல் எவ்வளவு தப்பு என்று சொல்கிறது; இரண்டாவது எங்கே தப்பு என்று சொல்கிறது.

இந்தக் கடைக்காரர் இன்னும் உஷாரானவர் என்று வைத்துக்கொள்வோம். வரிசை எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி மூன்றாவது கூட்டல், கனத்தால் பெருக்கி நான்காவது. இப்போது இரண்டு விலை ஒன்றாகக் கெட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு தப்புக்கு இரண்டு கூட்டல், அதுதான் கணக்கு. 33-க்கு 33 கட்டம் கொண்ட நடுத்தரக் கியூஆரில், நடுத்தரப் பாதுகாப்பு நிலையில், மொத்தம் 100 எண்கள்; சாமான் 64 வரி, கூட்டல் 36 வரி! அதோடு விடாமல் சீட்டை இரண்டாகக் கிழித்து, இதில் ஒரு வரி அதில் ஒரு வரி என்று மாற்றி மாற்றி அடுக்கிவைக்கிறார். எண்ணெய் ஓரிடத்தில் கொட்டினால் சேதத்தை இரண்டு சீட்டும் பகிர்ந்துகொள்ளும்; எந்தச் சீட்டுக்கும் தாங்காத சுமை வராது. ஒவ்வொரு சீட்டிலும் ஒன்பது தப்பு வரை திருத்திக்கொள்ளலாம். ஒரே வித்தியாசம், மளிகைச் சீட்டில் தொகை ஏறிக்கொண்டே போகும். கியூஆர் பயன்படுத்தும் எண்கணிதத்தில் எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடை 0 முதல் 255-க்குள்ளேயே நிற்கும். அதனால்தான் கூட்டல் வரிகளும் அதே அளவுக் கட்டங்களில் அடங்குகின்றன.

வரலாறு சுருக்கமாக: இந்தக் கணக்கை இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர் 1960-இல் வெளியிட்டார்கள். கீறல் விழுந்த சிடி பாடியதும், வாயேஜர் விண்கலம் நெப்டியூனிலிருந்து படம் அனுப்பியதும் இதன் தயவில்தான். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் (அந்தப் பிரிவுதான் பின்னாளில் டென்சோ வேவ்) மசாஹிரோ ஹரா குழு, கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்கக் கியூஆரை உருவாக்கியபோது, தொழிற்சாலை அழுக்கைச் சமாளிக்க இதையே உள்ளே வைத்தது. நான்கு நிலைகள்: ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதச் சேதம் வரை தாங்கும்.

ஆனால், மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. சதுரம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேமரா கண்டுபிடிப்பது அவற்றை வைத்துத்தான். செலோடேப்பை அவற்றின் மேல் சுருக்கமாக ஒட்டினால் வம்பு. நடுவில் பெரிதாகச் செயலியின் சின்னம் போடுகிறார்களே, கியூஆர் கணக்கில் அதுவும் ஒரு கறைதான். எண்ணெய்க்கும் குங்குமத்துக்கும் ஒதுக்கிய இடத்தில் ஒரு பங்கை விளம்பரம் முன்பே எடுத்துக்கொள்கிறது.

இத்தனை நேர்த்தியான கணக்கும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக யாராவது தன் ஸ்டிக்கரைக் கடைக்காரர் ஸ்டிக்கர் மேல் ஒட்டிவிட்டால், அது பிசிறில்லாத கியூஆர். கணக்குப்படி அதில் தப்பே இல்லை. போலிச் செயலியில் 'பணம் சென்றது' என்று பச்சைத் திரை காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. மழுங்கிய எழுத்தைக் கணக்கு திருத்தும். மனிதன் செய்யும் புரட்டை அது அறியாது.

"அக்கா, போட்டுட்டேன், பாருங்க" என்று திரையைக் காட்டினால், பூக்காரம்மா எப்படிப் பார்ப்பார்? கையில் நாரும் ஈரமும். எதிரே மூன்று பேர் முழம் போடக் காத்திருக்கிறார்கள். பணம் வந்ததை உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வந்து நின்றது இந்த இடத்தில். தனி சிம் கார்டு உள்ள அந்தச் சின்னப் பெட்டிக்குச் செய்தி வாடிக்கையாளரின் போனிலிருந்து வருவதில்லை, நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. அதனால் போலித் திரையால் அதைப் பேசவைக்க முடியாது. மேலே ஒட்டிய போலி ஸ்டிக்கர் என்றால் பெட்டி வாயே திறக்காது. அந்த மௌனமே போதும், கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிடுவார். கண்ணும் கையும் வேலையில் இருக்கும்போது காது சும்மாதான் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட யாரோ ஒருவருக்குப் பெரிய விருதே தரலாம்.

2023 செப்டம்பரில் 'ஹலோ யுபிஐ' அறிவிப்பு வந்தது; வாயால் சொன்னாலே பணம் போகும் என்றார்கள். நம் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, இந்தியும் ஆங்கிலமும் புரிந்துகொள்ளும் மென்பொருளை உருவாக்குவதில் கைகோத்தது. மொழி ஆய்வாக அது உயர்ந்த வேலை. தமிழிலும் வளர வேண்டும். ஆனால், தி.நகர் ரங்கநாதன் தெருவில், இரண்டு பக்கமும் ஆள் கூவி அழைக்கும் சத்தத்தில், "இருநூத்தம்பது" என்று போனிடம் கத்துவதைவிடக் கேமராவைக் காட்டுவது எளிது. ஜனங்கள் இன்னும் அட்டையைத்தான் தேடுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய அநியாயம் வேறு இருக்கிறது. கியூஆருக்குக் காப்புரிமை வைத்திருந்தும் டென்சோ வேவ் அதைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் கேட்கவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதும் 2020 ஜனவரியிலிருந்து இல்லை. ஆனால், பல நிறுவனங்கள் சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை வாங்குகின்றன. முழம் கணக்கில் பூ விற்பவருக்கு அது சின்னத் தொகை அல்ல. 2,000 கோடியைக் கொண்டாடுகிறவர்கள் முதலில் அந்த வாடகையை நீக்கட்டும்.