வெளியே வெயில், உள்ளே குளிர்... எடைக்குறைப்பு ஊசி போட்டா ஏன் இப்படி?

மே மாச மத்தியானம். புதியம்புத்தூர்ல ஒரு தையல் கூடம். மேலே தகரக் கூரை, கீழே வரிசையா பவர் மிஷின்கள். மின்விசிறி சுத்தினாலும் அனல் காத்துதான் இறங்குது. எல்லாரும் வியர்வையைத் துடைச்சுக்கிட்டே நைட்டிக்கு ஓவர்லாக் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க மட்டும் சுடிதாருக்கு மேல முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, விரலைத் தேய்ச்சுத் தேய்ச்சு சூடாக்கிக்கிட்டு இருக்கீங்க.

"ஏட்டி, காய்ச்சலா? இந்த வெயில்ல எதுக்கு சட்டையைப் போட்டு மூடியிருக்க?" பக்கத்து மிஷின் அக்கா நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறாங்க. நெத்தி சுடலை. ஆனா உங்களுக்குக் குளிருது.

"ஒண்ணும் இல்லைக்கா"ன்னு சமாளிக்கிறீங்க. வாரத்துக்கு ஒரு தடவை வயித்துல ஊசி போட்டுக்கிற விஷயம் அக்காவுக்குத் தெரியாது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், எடைக்குறைப்பு ஊசி போடுபவர்கள் பலர் சொல்லும் விஷயம் இது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பற்றியெல்லாம் டாக்டர் முதல் நாளே எச்சரித்திருப்பார். குளிர் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் அது வரும்போது, 'நமக்கு மட்டும்தான் இப்படியா?' என்று பயம் வருகிறது. பயப்பட வேண்டிய குளிர் எது, பயப்பட வேண்டாத குளிர் எது? தெரிந்துகொள்வோம்.

முதலில், இந்த ஊசி என்ன செய்கிறது?

சாப்பிட்டதும் நம் குடலில் 'ஜிஎல்பி-1' என்ற ஹார்மோன் சுரக்கும். 'போதும், வயிறு நிறைஞ்சிருச்சு' என்று மூளைக்குத் தகவல் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. இயற்கையான ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதே வேலையை நாள்கணக்கில் செய்யும்படி உருவாக்கப்பட்டதுதான் செமாக்ளுடைடு. ஊசி போட்டு ஒரு வாரம் ஆன பிறகும் ஏறக்குறைய பாதி மருந்து உடலில் இருக்கும். டிர்செபடைடு என்ற இன்னொரு மருந்து இதோடு ஜிஐபி என்ற ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

டிர்செபடைடு 'மௌன்ஜாரோ' என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், செமாக்ளுடைடு 'வீகோவி' என்ற பெயரில் 2025 ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. செமாக்ளுடைடின் காப்புரிமை இங்கே 2026 மார்ச் வரைதான் என்பதால், நம் நாட்டு நிறுவனங்களும் களத்தில் இறங்குகின்றன. பெருநகரத்துப் பணக்காரர்கள் விஷயமாக இருந்தது, கோவில்பட்டி, தூத்துக்குடி மருந்துக்கடை வரைக்கும் வரும் காலம் இது.

மருந்து வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், செமாக்ளுடைடு ஊசி போட்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவிகிதம் எடை குறைந்தார்கள். 80 கிலோ ஆள் 68 கிலோ ஆவது மாதிரி.

அப்புறம் ஏன் குளிருது?

உடம்பை ஓர் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். விறகு குறைந்தால் தீ குறையும். அவ்வளவுதான் விஷயம். கொஞ்சம் விரிவாகப் பார்த்தால், 4 காரணங்கள்.

முதலாவது, செரிமானச் சூடு. சாப்பாட்டைச் செரிக்கவே உடல் சக்தியைச் செலவழிக்கிறது. நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 10 சதவிகிதம் இப்படி வெப்பமாகவே போய்விடும். வயிறு நிறைய சாப்பிட்டதும் வியர்க்கிறது இல்லையா... அதில் இதற்கும் பங்கு உண்டு. 3 வேளையும் 2 வாய் மட்டும் சாப்பிட்டால், அந்தச் சூடும் குறையும்.

இரண்டாவது, உடலின் சிக்கன நடவடிக்கை. வரவு குறைந்தால் வீட்டில் தேவையில்லாத லைட்டை அணைக்கிற மாதிரி, உடல் தைராய்டு ஹார்மோனான டி3 அளவைக் குறைத்துக்கொள்ளும். எரிப்பு வேகம் மட்டுப்படும். கை, கால் விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து, உள்ளுறுப்புகளுக்கு முதலிடம் கிடைக்கும். விரல் நுனி ஜில்லென்று ஆவது இதனால்தான்.

மூன்றாவது, தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு. அது இயற்கைப் போர்வை. அது மெலிந்தால் உள்சூடு சுலபமாக வெளியே போகும்.

நான்காவது, தசை. எடை குறையும்போது கொழுப்பு மட்டும் குறைவதில்லை, தசையும் சேர்ந்து குறைகிறது. உடலில் வெப்பம் உண்டாக்கும் முக்கியமான இடம் தசை. புரதம் சாப்பிடாமல், உடற்பயிற்சி இல்லாமல் மெலிந்தால் இந்த இழப்பு அதிகம்.

ஜூலை மாதத்தில் போர்வை கேட்டவர்கள்

இது ஊசி வந்த பிறகு முளைத்த பிரச்னை இல்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்குப் பாதி வயிற்றுச் சாப்பாடு, நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. எடையில் கால் பங்கு குறைந்தது. உடல் வெப்பமும் நாடித்துடிப்பும் இறங்கின. கோடைக்காலத்தில்கூட குளிருகிறது என்று போர்வை கேட்டார்கள்.

அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அவர்களுக்குப் பசித்தது. ராத்திரி, பகல் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தார்கள். உங்களுக்குப் பசிக்காது. பசியை அடக்குவதுதானே ஊசியின் வேலை!

அதனால்தான் குளிரை அலட்சியம் செய்யக் கூடாது. சாதாரணமாக நாம் ரொம்பக் குறைவாகச் சாப்பிட்டால், பசி வந்து கதவைத் தட்டும். ஊசி போட்டவருக்கு அந்தக் கதவு பூட்டியிருக்கிறது. காலையில் ஒரு டீ, மதியம் அரை இட்லி, ராத்திரி ஒன்றுமில்லை என்று நாள்கள் ஓடும், உடம்பு முனகக்கூட செய்யாது. பசி வாயை மூடிக்கொண்ட இடத்தில் குளிரும் சோர்வும் முடி கொட்டுவதும்தான் பேசும். 'எனக்கு விறகு பத்தலை' என்று உடம்பு சொல்வதாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் குளிரும் ஒண்ணு இல்லை

மெதுமெதுவாக, நாள் முழுக்க லேசாகக் குளிருவது ஒரு வகை. இது பெரும்பாலும் எடை குறையும் காலத்தில் வந்து, எடை ஒரு நிலைக்கு வந்ததும் தணியும். ஆனால், கீழே இருக்கும் மூன்றும் வேறு.

*திடீர்க் குளிர், ஜில்லென்ற வியர்வை, நடுக்கம், படபடப்பு:* இது சர்க்கரை இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். இந்த ஊசியை மட்டும் போடுபவர்களுக்கு இது அபூர்வம். கூடவே கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நிஜமான ஆபத்து. சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். பையில் இருக்கும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இந்த அவசரத்துக்கு ஆகாது. கடலையில் இருக்கும் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயக்கம் வந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

*காய்ச்சலோடு குளிர்:* கூடவே வலது மேல்வயிற்றில் வலி இருந்தால் பித்தப்பையில் பிரச்னை இருக்கலாம். வேகமாக எடை குறையும்போது பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். காய்ச்சல் இல்லாவிட்டாலும், கடுமையான வயிற்றுவலி முதுகு வரை பரவினால் கணையத்தைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஊசிதான் காரணம் என்று டெங்கு, மலேரியாக் காய்ச்சலைக் கோட்டைவிட்டு விடாதீர்கள்.

*ஒரு கால் மட்டும் ஜில்லிடுவது:* வலி, நிறமாற்றத்தோடு ஒரு பாதம் மட்டும் குளிர்ந்தால் ரத்த ஓட்டப் பிரச்னையாக இருக்கலாம். தாமதிக்கவே கூடாது.

இன்னொன்று, ஏற்கெனவே உடம்பில் இருந்ததைக் குளிர் காட்டிக்கொடுக்கலாம். 5-வது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தாலே குளிரைத் தாங்க முடியாது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் குளிரும். மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்டகாலம் எடுத்தால் பி12 குறையலாம். குளிர் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச், பி12 பரிசோதனைகள் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

குளிருதுன்னு தண்ணியை விட்டுடாதீங்க

கரிசல் சீமையில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். உங்களுக்குக் குளிர்வதால் வெயில் உங்களை விட்டுவைக்காது. இந்த மருந்து எடுக்கும்போது தாகமும் குறையலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வேறு சேர்ந்தால் உடலில் நீர் வற்றி, சிறுநீரகம் வரை பாதிக்கலாம். தாகத்துக்குக் காத்திருக்காமல், மணிக்கு ஒரு தடவை சில மடக்கு குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் பத்தவில்லை என்று அர்த்தம்.

என்ன சாப்பிடலாம்?

வயிற்றில் இடம் குறைவு. அதனால் முதல் வாய் புரதமாக இருக்கட்டும். சோற்றுக்கு முன்னால் முட்டை, மீன், நெத்திலிக் கருவாடு, பாசிப்பயறு, சுண்டல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். வெறும் சோற்றுக்குப் பதில் சூடான கம்பங்கூழோடு பயறு, முருங்கைக்கீரை நல்ல கூட்டணி. கருவாட்டை நன்றாக அலசிக்கொள்ளுங்கள், உப்பு அதிகம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அதையும் தவிர்க்கலாம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், மணிக்கு ஒரு தடவை எழுந்து, நாற்காலியில் கையை ஊன்றாமல் 10 தடவை உட்கார்ந்து எழுந்தாலே தொடைத் தசைக்கு வேலை கிடைக்கும். ராத்திரி சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம். மரத்துப்போன காலுக்குச் சுடுவது தெரியாது, கொப்பளித்துவிடும்.

வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைகிறதா? சாப்பாடே இறங்கவில்லையா? அடுத்த டோஸைக் கூட்டும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். டோஸைக் கூட்டாமல் அதே அளவில் நிறுத்திவைக்கவும், குறைக்கவும் வழி இருக்கிறது. நீங்களாக நிறுத்துவதும் கூட்டுவதும் வேண்டாம். இது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் வாங்க வேண்டிய மருந்து. தோழி போடும் பேனாவில் மிச்சமிருப்பதை வாங்கிப் போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எடை குறைய மருந்து எடுப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் யாருக்கும் தெரியாமல் எடுப்பதில் ஆபத்து இருக்கிறது. ஒருநாள் மிஷின் முன்னால் கண் இருட்டிக்கொண்டு வந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்யணும்னு தெரிந்திருக்க வேண்டும். அதனால் நெத்தியைத் தொட்டுப் பார்க்கிற அந்த அக்காகிட்டயாவது உண்மையைச் சொல்லி வையுங்க.