பலா விழுந்த வண்டி

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் என்ன செய்தது என்று இந்த இதழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் தென்னையும் பலாவும் சாய்ந்த கதையை இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த இரவில் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தோட்டத்தில் பழைய பலா மரம் ஒன்று வேரோடு விழுந்தது. விழுந்த இடத்தில் அவருடைய டாடா 207 நின்றது. கேபின் கூரை சப்பிப்போய், முன் கண்ணாடி நொறுங்கி, வண்டி அப்படியே ஐந்தரை வருடம் கிடந்தது. அதை வாங்கி, என் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்து எட்டு மாதம் வேலை பார்த்து, இப்போது வாரம் இரண்டு நாள் புதுக்கோட்டைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன்.

எவ்வளவு செலவாச்சு, நாங்களும் செய்யலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கணக்கு பின்னால் வருகிறது. வண்டி ஏன் அத்தனை வருடம் கிடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் பங்கு இருக்கிறது.

2024 ஜூன் மாதம் தொழுவுரம் விலை பேசத்தான் அவர் தோட்டத்துக்குப் போனேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மேனேஜர் சார்தானே?" என்றார். 2005-ல் நான் கிளை மேலாளராக இருந்தபோது இந்த வண்டிக்குக் கடன் கொடுத்ததே நான்தான். ஐந்து வருடக் கடனை மூன்றே வருடத்தில், 2008 மார்ச்சில் மொத்தமாகக் கட்டி முடித்த மனிதர். மார்ச் மாதம் என்றால் வங்கிக்காரன் தலையைச் சொறிய நேரமிருக்காது. கணக்கை முடித்துக் கொடுத்தேன். "அடுத்த வாரம் வாங்கண்ணே, மத்த பேப்பரெல்லாம் தர்றேன்" என்றேன். மே மாதம் எனக்கு மாறுதல் வந்துவிட்டது. அவர் வரவில்லை, நானும் நினைவு வைத்துக் கூப்பிடவில்லை.

அந்த 'மத்த பேப்பர்' என்பது படிவம் 35. கடன் முடிந்தது, இனி இந்த வண்டி மீது எங்களுக்கு உரிமையில்லை என்று வங்கி கையெழுத்துப் போட்டுத் தரும் படிவம். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால்தான் ஆர்.சி. புத்தகத்திலிருந்து வங்கியின் பெயர் நீங்கும். கடனைக் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். முடிவதில்லை.

புயலுக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்து 85,000 ரூபாய் மதிப்புப் போட்டிருக்கிறார்கள். "புக்குல இன்னும் பேங்கு பேரு இருக்கே, என்.ஓ.சி. வாங்கிட்டு வாங்கன்னாங்க சார். ரெண்டு தடவ போனேன். புயல் நேரம், ஒரே கூட்டம். பழைய ஃபைல் கிடைக்கலன்னாங்க. விட்டுட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் நிற்க முடியவில்லை. இன்னொன்றும் சொன்னார். ஓடாத வண்டிக்கு இத்தனை வருடமும் வரியை மட்டும் விடாமல் கட்டியிருக்கிறார். "கவர்மெண்டு கடன் நிக்கக்கூடாதுல்ல."

இரும்புக் கடைக்காரர் 38,000 ரூபாய்க்குக் கேட்டிருந்தார். நான் 60,000 கொடுத்தேன். 40,000 மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி என் சட்டைப் பையில் வைத்தார்.

மகன் பெங்களூரிலிருந்து போனில் கத்தினான். "ஏம்ப்பா, ஒரு லோன் போட்டா புது வண்டி வாசல்ல நிக்கும்." முப்பத்தைந்து வருடம் அடுத்தவருக்கு லோன் போட்டவன் நான். 7 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை 14,873 ரூபாய். மழை பெய்தாலும் காய்ந்தாலும், கத்தரிக்காய் கிலோ எட்டு ரூபாய்க்கு விற்றாலும் அது நிற்காது. மூன்று ஏக்கர் இயற்கை விவசாயத்துக்கு அந்தச் சுமை தாங்காது.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் சக்கரத்தை உதைத்துப் பார்க்கும் முன்னே எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எதுவரை இருக்கிறது, எந்த வங்கியின் பெயர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். படிவம் 29, 30 பெயர் மாற்றத்துக்கு. 35 இல்லாமல் அவை நகராது. நான் மேலாளராக இருந்த கிளை இப்போது வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. கவுன்டருக்கு இந்தப் பக்கம், பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த வெயிலில்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாம் முறை போனபோது ஒரு பெண் அலுவலர் பழைய லெட்ஜரைத் தேடி எடுத்தார். பக்கத்தின் அடியில் என் கையெழுத்து. அந்த வாரமே படிவம் கிடைத்தது.

இனி வண்டி. தண்ணீர் லாரிக்காரர் ஒருவரைப் பிடித்துக் கட்டி இழுத்து வந்தோம். முதல் நாள் செய்தது ஒன்றே ஒன்று. பெரிய ஸ்க்ரூ டிரைவரால் சேஸ் முழுக்கத் தட்டிப் பார்த்தோம். கிண்ணென்று கேட்டால் இரும்பு நல்லது, தொப்பென்று கேட்டால் உள்ளே துரு. சேஸ் போயிருந்தால் வண்டியைத் தொடாதீர்கள், யார் சும்மா கொடுத்தாலும். எங்களுக்குச் சேஸ் தப்பித்தது. பின்னால் சரக்கு ஏற்றும் தளம்தான் சல்லடையாக இருந்தது.

ஏன் தளம் மட்டும்? பெரியவர் பல வருடம் வாழைக்கு உர மூட்டை ஏற்றியிருக்கிறார். பொட்டாஷ் என்று நாம் சொல்வது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. மூட்டை ஓட்டையில் சிந்தி, தகர மடிப்பில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றிருக்கிறது. மண்ணை என்ன செய்ததோ அதையே தகரத்தையும் செய்திருக்கிறது என்று மேடையில் பேசலாம். ஆனால் நியாயமாகச் சொன்னால் நம் ஜீவாமிர்தமும் சும்மா விடாது. கோமியத்திலும் உப்பு உண்டு. 200 லிட்டர் பீப்பாயைத் தளும்பத் தளும்ப ஏற்றி, இறக்கிய பிறகு கழுவாமல் விட்டால் ஐந்து வருடத்தில் இதே கதிதான். நான் இப்போது ஒவ்வொரு நடைக்கும் பிறகு நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, சரிவில் நிறுத்திக் காயவிடுகிறேன்.

சின்னச் சாமான்களின் துருவுக்கு மெக்கானிக் தம்பி ஆசிட் கேட்டான். வேண்டாமென்று மொலாசஸ் முயற்சி செய்தோம். ஒரு பங்கு கரும்புக் கழிவுப்பாகு, ஒன்பது பங்கு தண்ணீர். பிளாஸ்டிக் பீப்பாயில் கதவுக் கீல், கொண்டி, போல்ட்டு எல்லாவற்றையும் போட்டு மூடிவைத்தோம். பத்தாம் நாள் எடுத்துத் தேய்த்தால் துரு சேறு மாதிரி வழிந்து, இரும்பு சாம்பல் நிறத்தில் வந்தது. நாற்றத்தை மட்டும் வீட்டுக்காரம்மா இன்னும் மறக்கவில்லை. அலுமினியச் சாமானை இதில் போடக்கூடாது, அரித்துவிடும். எண்ணெயும் பழைய பெயின்ட்டும் கலந்த அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றவும் கூடாது. இரும்பை எடுத்தவுடன் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவிவிட வேண்டும். அரை மணி நேரம் விட்டால் மறுபடி துரு பிடிக்க ஆரம்பித்துவிடும்.

என்ஜின் இறுகிப் போயிருந்தது. இந்த இடத்தில் அவசரப்பட்டு செல்ஃப் அடித்து என்ஜினையே கெடுத்தவர்கள் உண்டு. நான்கு நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஊறவிட்டோம். தினம் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு அசைத்துப் பார்ப்பேன். அசையாது. மூடிவிட்டுப் போய்விடுவேன். ஒன்பதாம் நாள் நெல் மணி அளவு நகர்ந்தது. வங்கியில் பதவி உயர்வு வந்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை. நாசிலைத் திரும்ப மாட்டும் முன், என்ஜினைச் சுற்றி உள்ளே நிற்கும் ஆயிலை வெளியே துப்பவிட வேண்டும். ஆயிலை உள்ளே வைத்து மூடி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ரேடியேட்டரைத் திறந்தால் சொட்டுநீர்க் குழாயில் நாம் பார்க்கும் அதே வெள்ளை உப்புப் படிவு. எல்லாம் போர் தண்ணீர் ஊற்றியதன் பலன். கடையில் கொடுத்துக் கழற்றிச் சுத்தம் செய்தோம், இப்போது கூலன்ட்தான். டீசல் டேங்கில் அடியில் தண்ணீரும் கறுப்புச் சகதியும். ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது, ஒயரிங்கில் பாதி அதன் வயிற்றில். ஆனால் இந்தக் காலத்து வண்டிபோல சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் இதில் கிடையாது. விளக்கு, ஹாரன், செல்ஃப், டைனமோ, அவ்வளவுதான். ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டு ஒட்டி ஒட்டி நானே இழுத்துவிட்டேன்.

நான் தொடாதவை மூன்று: பிரேக், டீசல் பம்ப், வெல்டிங். பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்கலாம், துடைக்கலாம். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிக் காற்று எடுத்துத் தந்தது மெக்கானிக் தம்பி. சந்தையில் குழந்தைகள் குறுக்கே ஓடுவார்கள், அங்கே என் கற்றுக்குட்டி வேலை கூடாது. டயர்கள் பார்வைக்குப் பட்டை தேயாமல்தான் இருந்தன. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்களுடையது 2313, அதாவது 2013-ன் இருபத்து மூன்றாவது வாரம். நான்கையும் மாற்றினோம்.

ஒரு முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரு மதியம் கிரைண்டர் வைத்துத் தளத்தின் ஓரத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்டிருந்தேன், கையுறை போட்டிருந்தேன், பின்னால் இருபதடியில் வைக்கோல் போர் இருப்பதைத்தான் யோசிக்கவில்லை. பொறி பறந்து போய் அடியில் விழுந்து புகைந்திருக்கிறது. மருமகள் மாடியில் துணி காயப்போட வந்தவள் பார்த்துக் கத்தினாள். நான்கு குடம் தண்ணீரில் போயிற்று. பத்து நிமிடம் கழிந்திருந்தால் கொட்டகை, மாடு இரண்டு, வண்டி எல்லாமே போயிருக்கும். அன்றிலிருந்து கிரைண்டர் வேலை களத்துமேட்டில்தான், பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீரோடு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் வேண்டாம், நொறுங்கும். கனமான மரக்கட்டை அடுக்குங்கள்.

தளத்தின் ஓட்டைகளைத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பலகை விரித்திருக்கிறோம். அந்தப் பலகை, வண்டி மேல் விழுந்த அதே பலா. பெரியவர் அதை அறுத்துக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார், கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கழற்றிக் கழுவ வசதியாக ஆணி அடிக்காமல் விட்டிருக்கிறேன். வண்டி நிறத்தை மாற்றவில்லை, மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

கணக்கு. வண்டி 40,000. என்ஜின், நாசில், டீசல் பம்ப் சர்வீஸ் 27,500. கேபின் டிங்கரிங், கண்ணாடி 34,000. பிரேக் 14,200. டயர் 22,000. ரேடியேட்டர் 3,800. பேட்டரி, ஒயர் 11,500. பெயின்ட் 9,000. எஃப்.சி., இன்சூரன்ஸ் 27,000. ஆக மொத்தம் 1,89,000 ரூபாய். 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் எஃப்.சி. கட்டணம் நன்றாக ஏறிவிட்டது, இந்த வயது வண்டிக்கு வருடா வருடம் எடுக்கவும் வேண்டும். அதை மறந்து கணக்குப் போடாதீர்கள்.

வாடகை வண்டிக்கு நடைக்கு 1,400 கொடுத்துவந்தேன். இப்போது டீசல் ஏறக்குறைய 600. மிச்சம் 800, வருடத்துக்கு 104 நடை, 83,200 ரூபாய். அதில் இன்சூரன்ஸ், எஃப்.சி. கழித்தால் 56,000 சொச்சம். போட்ட பணம் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், நடுவில் பெரிய ரிப்பேர் வராமலிருந்தால். என் எட்டு மாத உழைப்பை நான் எழுதவே இல்லை. சரக்கு தினமும் ஓட வேண்டியவர்களும், வேலை செய்ய நேரம் இல்லாதவர்களும் இதில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எனக்கு லாபம் வேறு இடத்தில். வாடகை வண்டி ஏழு மணிக்குத்தான் வரும். நான் இப்போது ஐந்துக்கெல்லாம் உழவர் சந்தையில் இருக்கிறேன். கீரை வாடுவதற்குள் விற்றுவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்து இரண்டு பேரும் டீசலுக்குப் பங்கு கொடுத்துக் கூடைகளை ஏற்றுகிறார்கள்.

உரிமம் பற்றி ஒரு கவலை இருந்தது. என்னிடம் இருப்பது கார் ஓட்டும் இலகுரக வாகன உரிமம். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை அந்த உரிமத்திலேயே ஓட்டலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வந்த தீர்ப்பு. அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் மாதம் எஃப்.சி. ஆனது. புது ஆர்.சி. அட்டையை எடுத்துக்கொண்டு பெரியவர் தோட்டத்துக்கே வண்டியை ஓட்டிப் போனேன். அட்டையை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேங்கு பேரு இல்ல" என்றார். இல்லண்ணே என்றேன். அந்த 85,000 பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன், வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

மே மாதம் அவர் தோட்டத்துப் பலாவைத்தான் முதலில் ஏற்றினேன், பதினோரு பழம். புயலில் தப்பிய மரம் ஒன்றில் காய்த்தது. அவரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வாடகை வாங்கவில்லை, இனியும் அவர் சரக்குக்கு வாங்குவதாக இல்லை. ஆலங்குடி தாண்டும் வரை பேசாமல் வந்தவர், ஒரு வேகத்தடையில் நான் கியரை இறக்கியதும் சிரித்தார்.

"ரெண்டாவது கியர் அப்பவே இப்படித்தான் சார் துள்ளும். கொஞ்சம் அழுத்திப் புடிங்க."

கியர் பாக்ஸை இன்னும் இறக்கிப் பார்க்கவில்லை. அடுத்த கோடையில்தான்.