அக்காவின் கல்லாப்பெட்டி

ரிடையர் ஆனவருக்கு ஏழு நாளும் ஞாயிறுதானே, அதில் வார இறுதி என்று தனியாக ஏது என்று என் துணைவியார் கேட்பதுண்டு. எனக்கு உண்டு. சனியும் ஞாயிறும் காசுகளுக்கு என்று ஒதுக்கியவை. காசு என்றதும் வங்கிக் கணக்கை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது செல்லாக் காசுகளையும் சில்லறைக் காசுகளையும்.

இந்தப் பைத்தியம் ரயில்வே கொடுத்தது. டிப்ளமா முடித்துத் தண்டவாளப் பராமரிப்பில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். தண்டவாளத்தின் பக்கவாட்டில் அதைச் செய்த ஆலையின் பெயரும் வருடமும் புடைப்பெழுத்தில் இருக்கும். இது பிலாயில் பிறந்தது, அது இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது என்று படித்துக்கொண்டே பாதையில் நடப்பேன். இரும்புக்கே பிறந்த ஊர் இருக்கிறதென்றால் காசுக்கு இருக்காதா?

இருக்கிறது. உங்கள் பையில் உள்ள ஒரு ரூபாயை எடுத்து, வருடத்துக்குக் கீழே கண்ணாடி போட்டுப் பாருங்கள். சின்ன வைரக் குறி இருந்தால் நம் மும்பை நாணயசாலையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் 1988இல் தொடங்கிய நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. மூத்த பிள்ளைக்கு அடையாளம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும்!

போன சனிக்கிழமை காலை வழக்கம்போல் மாதுங்கா போனேன். முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்குவது ஒரு சாக்கு. சில்லறை வாங்குவதுதான் நோக்கம். முன்பெல்லாம் ஒரு சுற்று வந்தால் சட்டைப்பை கனக்கும். இப்போது இளநீர்க்காரர்கூட அட்டையைக் காட்டி ஸ்கேன் பண்ணச் சொல்கிறார். ரொக்கம் நீட்டுகிறவனை ஒருமாதிரி பார்க்கிறார்கள். அன்று கிடைத்தவை பதினொரு காசுகள். வைரம் ஐந்து, நட்சத்திரம் மூன்று, குறியில்லாதவை இரண்டு, புள்ளி ஒன்று.

திரும்பும் வழியில் ஒரு யோசனை. தமிழ்நாட்டில் இன்று நாணயசாலை கிடையாது. கும்பினியார் காலத்தில் சென்னையில் ஒன்று இருந்தது. தங்கசாலைத் தெரு என்ற பெயர்தான் மிச்சம். ஆகவே ஊரில் நம் சொந்தக்காரர்கள் கையில் புரளும் ஒவ்வொரு காசும் வெளியூரிலிருந்து போனதுதான். நாம் அங்கிருந்து பிழைக்க இங்கே வந்தோம். காசு இங்கிருந்து அங்கே போகிறது. கணக்கு நேராகிவிட்டது.

சயானில் வீட்டுக்கு வந்தபோது அடுத்த கட்டிடத்து அக்கா காத்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் வீட்டுக்காரர் நாற்பது வருடம் மளிகைக்கடை வைத்திருந்து மூன்று வருடத்துக்கு முன் காலமானவர். கடையைக் கைமாற்றியபோது கல்லாப்பெட்டியை மட்டும் அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"தம்பி, காண்டாமிருகம் போட்ட நாலணாவுக்கு மூணு லட்சம் தாரானாம். முதல்ல ரெண்டாயிரத்து ஐந்நூறு கட்டணுமாம். கட்டிரட்டுமா?" என்றார்.

கைப்பேசியைக் காட்டினார். ரிசர்வ் வங்கியின் சின்னம், வட்ட முத்திரை, ஒரு கையெழுத்து, எல்லாம் ஜோராக இருந்தது. அக்காவுக்குப் பேராசை என்று நினைக்காதீர்கள். பேத்திக்குக் கல்லூரி இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட இன்னும் இருபது நாள்தான் இருந்தது. "போனா ரெண்டாயிரத்து ஐந்நூறு, வந்தா புள்ள படிப்புக்கு ஆகும்லா" என்றார்.

இப்படித் தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டுகளுக்குக் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள், தான் அந்த வியாபாரத்தில் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதைச் சொன்னேன். அக்கா தலையாட்டினார்; முகம் நம்பவில்லை. சரி, நேரில் பார்த்துவிடட்டும் என்று ஞாயிறன்று அவரையும் பேத்தியையும் கோட்டைப் பகுதிக்கு அழைத்துப் போனேன்.

ஞாயிறு என்றால் மெகா பிளாக் உண்டே! ரயில் இருபது நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் எல்லோரும் திட்டினார்கள். முப்பது வருடம் அந்தத் திட்டுக்குக் காரணமாகத் தண்டவாளத்தில் நின்றவன், இப்போது கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டுக்கொண்டேன்.

அங்கே நடைபாதையில் துணி விரித்துக் காசு விற்கும் பெரியவர் ஒருவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அக்கா முடிச்சை அவிழ்த்து நாலணாவைக் காட்டினார். பெரியவர் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தார். அது நிறையக் காண்டாமிருகங்கள்! "ஒன்று பத்து ரூபாய். எத்தனை வேண்டும்? மூன்று லட்சம் தருகிறவனை நானும்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார் இந்தியில். பேத்தி சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

காரணம் எளிது. 1988 முதல் அடித்த அந்த எஃகு நாலணாக்கள் நாடெங்கும் குவிந்து கிடக்கின்றன. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயின. அதனால் மட்டும் அரிதாகிவிடவில்லை. காசுக்கு விலை வயதால் வருவதில்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், இந்த மூன்றும்தான் கணக்கு.

பெட்டியில் ஓட்டைக் காலணாக்களும் இருந்தன. யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943 முதல் நடுவில் துளையிட்டு அடித்தவை. 1950இல் வந்த குடியரசின் முதல் வரிசை அணாக்களும் சில இருந்தன. பெரியவர் அவற்றைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அக்கா பொங்கலுக்குக் குத்துவிளக்கு தேய்க்கும்போது காசுகளையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். காலம் ஏற்றிய மேல்தோல் போய்விட்டால் சேகரிப்பவர்கள் விலையைப் பாதிக்குமேல் குறைத்துவிடுவார்கள். மொத்தத்துக்கும் 1,400 ரூபாய் தருவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம்.

அருகிலேயே, பெரோஸ்ஷா மேத்தா சாலையில், ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம். 2004இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தது. ஆங்கிலேயர் காலத்து நோட்டுகளிலும் தமிழ் எழுத்து உண்டு என்று பேத்திக்குச் சொன்னேன். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. தன் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து, "இதுல எங்க இருக்கு மாமா?" என்றாள். பின்பக்கம் பதினைந்து மொழிப் பட்டியலில் கீழிருந்து மூன்றாவது என்று காட்டினேன். எழுத்துக் கூட்டி 'நூறு ரூபாய்' என்று படிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா அதுவரை பொறுமையாக நின்றார்.

மாலையில் வீட்டில் பெட்டியைக் கவிழ்த்துத் தரம் பிரித்தோம். அடித்தட்டில் மளிகைக்கடைத் தாளில் மடித்த சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் தமிழ். பேத்தி என்னிடம் நீட்டினாள். படித்தேன். 'இஸ்திரிக்காரர் 50 காசு', 'டீச்சர் வீடு 75', 'பால்காரர் பையன் 25'. அன்றன்று சில்லறை இல்லாமல் மீதி கொடுக்க முடியாதவர்களுக்கு எடுத்து வைத்தது. வாங்க வராதவர்கள் பங்கு அப்படியே இருந்தது. மூன்று பொட்டலங்களில் காண்டாமிருக நாலணாக்கள்.

அக்கா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "காலணாவை வித்துருவோம் தம்பி. இதை விக்கக் கூடாது, இது நம்ம காசு இல்ல" என்றார். கைப்பேசியில் வந்திருந்த எண்ணைப் பேத்தி தடை செய்தாள்.

கட்டணப் பிரச்சினை காசால் தீரவில்லை. நம் சங்கத்தின் கல்வி உதவிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். கமிட்டி நண்பர்கள் கெடு தேதிக்குள் கவனிப்பார்கள் என்று நம்புகிறேன்.

வாசக அன்பர்களுக்குச் சொல்ல மூன்று விஷயங்கள். பழைய காசை வாங்குகிறவன் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் முன்பணம் கேட்டால் அவன் வாங்க வந்தவன் இல்லை. காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பெரியவர்கள் விட்டுப்போன பெட்டியை விற்பதற்கு முன் ஒருமுறை அடிவரை கவிழ்த்துப் பாருங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழில் எழுதியிருந்தால் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.