வீட்டுக்கு ஏற்ற வளர்ப்புப் பிராணி

நாய் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் அதன் தோற்றத்தைக் கண்டே மயங்குகின்றனர். தம் ஊரின் சீதோஷ்ண நிலையும் தம் அன்றாட வாழ்க்கையும் அப்பிராணிக்கு ஒத்துவருமா என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சைபீரிய ஹஸ்கி என்னும் நாயை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குச் சைபீரியாவில் சுக்ச்சி மக்கள் பனியில் வண்டியிழுக்கப் பழக்கிய இனம் அது. அதன் உரோமம் இரண்டு அடுக்கானது. நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வாய் திறந்து இரைத்து, நாக்கிலும் சுவாசப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது தன் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. மும்பை, சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் இம்முறை போதிய பயன் தருவதில்லை. ஏறத்தாழ 38.5 டிகிரி சென்டிகிரேடு இருக்கவேண்டிய உடல் உஷ்ணம் 41 டிகிரியைத் தாண்டுமாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம். வீட்டில் குளிர்சாதனக் கருவி உண்டே என்பர் சிலர். கோடைப் பிற்பகலில் மின்சாரம் நின்றுவிட்டால் நாயின் கதி என்ன?

கர்நாடகத்தின் முதோள் வேட்டைநாய் குட்டை உரோமமுடையது. தக்காணத்து வெயிலுக்குப் பழகியது. ஆயினும் அது ஓடுவதற்கென்றே உருவான இனம். நாற்காலியை விட்டெழ மனமில்லாதவர்க்கு (இவ்வரிகளை எழுதுபவனும் அவ்வகையினனே) அது பொருந்தாது. காலையும் மாலையும் சிறிது தூரம் நடக்க இசைவோர், தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வளர்க்கலாம்.

பகல் முழுவதும் பூட்டியிருக்கும் வீட்டிலோ நாய் வேண்டாம், மீன்தொட்டி போதும். அதற்கு மாற்றாகப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.