உங்களுக்குத் தெரியுமா? – கோப்பு கெடவில்லை, பெயரைப் பாருங்கள்!

ஹட்டன் டவுனில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்போது கடந்தகால வினாத்தாள்களையும் பாடப் பக்கங்களையும் இறக்கிக்கொண்டு, தோட்டத்து வீட்டில் இணையமில்லாமலே படிக்கும் பிள்ளைகள் மலையகத்தில் நிறையப் பேர். கோப்பு திறக்கவில்லை என்றதும் அழித்துவிட்டு மறுபடியும் டேட்டாவைச் செலவழிக்காதீர்கள். முதலில் இவற்றைப் பாருங்கள்.

● 'தரம் 11 #2' என்று பெயரிட்ட பக்கத்தை உலாவியின் முகவரிப் பட்டையில் அப்படியே தட்டினால் 'கோப்பு இல்லை' என்று வரும். # குறிக்குப் பின்னால் இருப்பதை, பக்கத்துக்குள் போகவேண்டிய இடமாகவே உலாவி எடுத்துக்கொள்ளும். # வரும் இடத்தில் %23 என்று கொடுங்கள்; திறந்துவிடும்.

● கோப்பின் பெயரிலேயே %20 இருந்தால் இன்னொரு சிக்கல். உலாவிக்கு அது வெறும் இடைவெளி. அதனால் வேறொரு பெயரைத் தேடிப் போய்விடும். முகவரியில் %2520 என்று எழுதினால் சரியாகும். பெயரை மாற்றிவிடுவது இன்னும் சுலபம்.

● 'தேயிலை' என்ற சொல்லுக்கு யுனிகோடில் 6 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 18 பைட். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் % குறியோடு சேர்த்து 3 எழுத்தாகி, மொத்தம் 54 எழுத்தாக நீளும். வட்ஸ்அப்பில் வரும் தமிழ் இணைப்புகள் % மயமாகக் கிடப்பது இதனால்தான். % குறிகள் இருப்பதாலேயே இணைப்பு பிழையானது என்று ஆகிவிடாது.

● லினக்ஸ் கணினிகளில் ஒரு கோப்புப் பெயருக்குப் பெரும்பாலும் 255 பைட்தான் எல்லை. ஆங்கிலத்தில் 255 எழுத்து வைக்கலாம். தமிழில் 85 குறிகளோடு முடிந்துவிடும். விண்டோஸில் நீளமாகப் பெயரிட்ட தமிழ்க் கோப்பு அங்கே ஏறாமல் போவதற்கு இதுவும் காரணம்.

● கணினியில் ஒரு பக்கத்தை முழுமையாகச் சேமித்தால் பக்கக் கோப்போடு, படங்கள் அடங்கிய கோப்புறை ஒன்றும் வரும். பென் டிரைவில் பக்கத்தை மட்டும் எடுத்துப் போனால் படங்கள் தெரியாது. பக்கத்தின் பெயரை மாற்றலாம்; கோப்புறையின் பெயரில் கைவைக்கக் கூடாது. குரோமில் 'ஒற்றைக் கோப்பு' என்று தேர்ந்து சேமித்தால் எல்லாம் ஒன்றாகவே வரும்.

● வினாத்தாள் பிடிஎஃப் திறக்க மறுக்கிறதா? நோட்பேடில் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் % குறியும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பிடிஎஃப்தான். தொடக்கத்தில் எச்டிஎம்எல் என்ற சொல் இருந்தால், வினாத்தாளுக்குப் பதிலாகத் தளம் அனுப்பிய ஏதோ ஒரு பக்கம் அதே பெயரில் இறங்கியிருக்கிறது. இதை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

● பழைய பக்கம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற எழுத்துருவில் எழுதப்பட்டதாக இருக்கலாம். அந்த எழுத்துருவை நிறுவினாலோ, யுனிகோடுக்கு மாற்றினாலோ தமிழ் தெரியும்.

● 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையக நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே நூலின் பட்டியல் எண்ணே பிடிஎஃப் கோப்பின் பெயர். எண்ணுக்கு எந்தக் கணினியிலும் தடையில்லை.

ஆசிரியர்களே, மாணவர் குழுவுக்கு அனுப்பும் கோப்புக்கு எண்ணும் எழுத்தும் சிறுகோடும் மட்டும் கொண்ட சின்னப் பெயர் வையுங்கள். ஒரு பிள்ளையின் டேட்டா காசு மிஞ்சும்.