மாத்திரைச் சீட்டில் சிஸ்டர் கையெழுத்துப் போடலாமா?

மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்குப் பல மாதங்கள் ஒரே மாத்திரை, ஒரே அளவுதான் ஓடும். இருந்தும் அதைத் திரும்ப வாங்க ஒவ்வொரு முறையும் டாக்டர் எழுதித்தர வேண்டும். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்தார் சிதம்பரத்துக்கும், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்தார் செம்மண்டலம் வழியாகக் கடலூர் ஜி.எச்.சுக்கும் பஸ் ஏறுகிறார்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான். ஆனால் நோயாளியைத் தனியே அனுப்ப முடியாது. கூட வருகிறவருக்கும் சேர்த்து பஸ் செலவு, அன்றைய கூலியும் போய்விடும். நடவு, அறுவடை நாட்களில் ஓ.பி.க்குப் போவதைத் தள்ளிப்போடுவார்கள். மாத்திரை விட்டுப்போகும், நோய் திரும்பும்.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை நிரப்ப ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்று ஒரு பதவி இருக்கிறது. மனநலத்தில் மேற்படிப்பு முடித்த செவிலியர் அங்கே நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதலாம். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு டாக்டரின் மேற்பார்வை தேவையில்லை. பிரிட்டனிலும் பயிற்சி பெற்ற செவிலியர்கள் மருந்து எழுதுகிறார்கள்.

நம் நாட்டில் தீவிர சிகிச்சைக்கும் மகப்பேறுக்கும் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ படிப்பு வந்துவிட்டது, மனநலத்துக்கு வரவில்லை. எம்.எஸ்சி. மனநலச் செவிலியம் படிக்கலாம், ஓராண்டு டிப்ளமோவும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ‘மனநலச் செவிலியர்’ யார் என்று வரையறுத்திருக்கிறது. ஆனால் எந்தப் படிப்பு படித்திருந்தாலும் சீட்டு எழுதும் அதிகாரம் கிடையாது.

சரி, அதிகாரம் இல்லாத அந்த சிஸ்டர் ஓ.பி.யில் என்ன செய்கிறார்? பெரிதாகத் தெரியாத வேலைகள்தான். “மாத்திரை அட்டையை எடுங்கம்மா” என்று வாங்கி, மீதியை எண்ணுவார். பத்து மாத்திரை மிச்சம் இருந்தால் ஏன் என்று கேட்பார். “போட்டா ஒரே தூக்கமா வருது சிஸ்டர், வயலுக்குப் போக முடியல” என்ற பதில் பல நேரம் டாக்டர் காதுக்கு எட்டாமலே போகிறது. அவரிடம் “நல்லா இருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். கையை நீட்டச் சொல்லி நடுக்கம் இருக்கிறதா என்றும் சிஸ்டர் பார்ப்பார். ஒலான்சபின் போன்ற மருந்து எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும் என்பதால் இரண்டையும் குறித்துக்கொள்வார். தினமும் மாத்திரை போட மறுப்பவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஃப்ளூஃபெனசின் ஊசி இருக்கிறது. ஊசி நாளில் வராதவர் வீட்டுக்கு போன் போவதும் இவர் மேஜையிலிருந்துதான். காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போன குடும்பத்தைத் திட்டாமல், “அதையும் பாருங்க, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க” என்று சொல்லத் தெரிந்த சிஸ்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கிராமப்புற மனநல சிகிச்சையின் உயிர் இந்தத் தொடர்கண்காணிப்பில்தான் இருக்கிறது என்பேன்.

பற்றாக்குறை புதிதல்ல. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோய்க்குத் தகுந்தாற்போல் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை சேரவில்லை என்றது. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லை. இதற்காகத்தான் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் வந்தது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு. டாக்டர், உளவியலாளர், சமூகப்பணியாளரோடு செவிலியருக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு.

டாக்டர் அல்லாதவர் செய்தால் பலிக்குமா? தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கோவாவில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்த நோயாளிகள், மருத்துவமனைக்கு மட்டும் போனவர்களைவிட ஓராண்டில் ஓரளவு கூடுதலாகத் தேறியிருந்தார்கள். பிரமாதமான வித்தியாசம் இல்லை. ஆனாலும் அந்தப் பணியாளர்கள் செவிலியர்கூட இல்லை என்பதை மறக்கக் கூடாது.

அமெரிக்க முறையை அப்படியே இங்கே இறக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் முறை நோயைக் கண்டறிவதும் மருந்தை மாற்றுவதும் டாக்டரிடமே இருக்கட்டும். நிலையாக இருக்கும் நோயாளிக்கு அதே மருந்தை நீட்டித்துத் தருவது, ஊசி போடுவது, லித்தியம் சாப்பிடுபவருக்கு ரத்தப் பரிசோதனை எழுதுவது ஆகிய மூன்றையும் எழுத்தில் வகுத்த நெறிமுறைப்படி பயிற்சி பெற்ற மனநலச் செவிலியருக்குக் கொடுக்கலாம். மாதாமாதம் பி.எச்.சி.யில் சிஸ்டரையும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரையும் பார்த்தால் போதும். துணை சுகாதார நிலையச் செவிலியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர் மாத்திரை தரும் மாநிலம் இது. மனநல மாத்திரைக்கு மட்டும் ஏன் கூடாது என்பதற்குச் சுகாதாரத் துறைதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதில் வரும்வரை, பேச ஆள் வேண்டுவோர் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.