புழு போட்ட துளையை அடைக்கலாமா?

பூச்சி அரித்த ஓலைச்சுவடி ஒன்று கைக்கு வந்தால், துளைகளை அடைப்பதுதான் முதல் வேலை என்று தோன்றும். தேர்ந்த பராமரிப்பாளர் முதலில் அந்தத் துளைகளைப் படிக்கிறார்.

காஸ்ட்ராலஸ் இண்டிகஸ் என்ற சிறு வண்டின் புழு, சுவடிக் கட்டுக்குள் ஏடு ஏடாகக் குடைந்துகொண்டு போகும். ஆகவே ஒரே துளை அடுத்தடுத்த ஏடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறித் தொடரும். கயிறு அறுந்து, எண் எழுதிய ஓரங்கள் உதிர்ந்து, கலைந்து கிடக்கும் கட்டில் எதன் பின் எது என்று சொல்ல இந்தத் தடம் உதவுகிறது. புழு குடைந்த காலத்து வரிசைதான் அதில் தெரியும், எழுதியவர் அடுக்கிய வரிசை வேறாக இருந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. எப்படியானாலும், படமெடுத்துப் பதிவு செய்யாமல் துளையை அடைத்தால் ஒரு சான்று அழிந்தது என்றே பொருள்.

ஓலை எழுத்துக்கு ஒரு நல்லூழ் உண்டு. எழுத்தாணி ஓலையைக் கீறித்தான் எழுதுகிறது. பிறகு தடவும் கரிமை அந்தக் கீறலில் தங்குகிறது. மை முழுவதும் போனாலும் கீறல் இருக்கும். விளக்கை ஏட்டின் பக்கவாட்டில் தாழப் பிடித்தால், கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். கரியோ வெளிச்சத்தில் வெளுப்பதில்லை. அதனால் மங்கிய ஏட்டுக்கு மீண்டும் மையாடுவது எளிய வேலை. ஓலை உறுதியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஓலை, செல்லுலோஸும் லிக்னினும் சேர்ந்த நார்ப்பொருள். காற்றில் ஈரம் கூடினால் உப்பும், குறைந்தால் சுருங்கும். மழைக்கும் வெயிலுக்கும் ஆண்டாண்டாக இப்படி உப்பிச் சுருங்கியே முறியும் நிலைக்கு வருகிறது. மெல்லிய தாளிப்பனை ஓலை வளையும். நாம் அதிகம் பயன்படுத்திய பனையோலை தடித்தது, விறைப்பானது.

மிகவும் சோதிப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஏடுகள். ஈரமும் பூஞ்சையும் சேர்ந்து கட்டையே ஒரு பலகையாக்கிவிடும். கத்தியை நுழைத்தால் மேல் தோல் உரிந்துவிடும். எழுத்து இருப்பதே அந்தத் தோலில்தான். ஆகவே மூடிய பெட்டிக்குள் ஈரக்காற்றில் வைத்து, ஓலை மெல்ல இளகிய பின் மூங்கில் சீவலால் ஓரத்திலிருந்து பிரிக்கிறார்கள். ஒரு நாளில் சில ஏடுகள் பிரிந்தாலே பெரிது. உடைந்த ஓரத்துக்கு அதே தடிமனுள்ள ஓலைத் துண்டையோ ஜப்பானியத் தாளையோ பொருத்துகிறார்கள். பசை, வேண்டும்போது நீரால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

முன்பு இருபுறமும் சிஃபான் துணி ஒட்டும் வழக்கம் இருந்தது. கட்டு தடித்தது, பசை பூச்சிக்கு விருந்தானது. காக்கிறேன் என்று செய்த வேலைகள் இப்படிச் சில நேரம் பூச்சியையே மிஞ்சிவிடுகின்றன. எலுமிச்சைப்புல் எண்ணெயும் அளவோடு நல்லதுதான். அளவு மீறினால் தூசியை இழுத்துக்கொள்ளும்.

தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்துச் சிறு துணிப்பைகளில் கட்டி வைப்பார்கள். வாசம் பூச்சியை அண்டவிடாது. ஆனால் உள்ளே ஏற்கெனவே குடைந்துகொண்டிருக்கும் புழுவுக்கு அது போதாது. உறைகுளிரில் வைப்பது, ஆக்சிஜனை அகற்றிய உறையில் சில வாரம் அடைப்பது போன்ற முறைகள் தேவை.

நம் முன்னோர் பழுதுபார்ப்பதைவிடப் படியெடுப்பதையே நம்பினார்கள். புதுப்படி எழுதியதும் பழையதை ஆற்றில் விடுவதும் உண்டு. படி எடுக்காமலே அழித்ததும் உண்டு: கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டதை உ.வே.சா. வேதனையோடு எழுதியிருக்கிறார்.

வீட்டுப் பரணில் சுவடி கிடைத்தால் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ரப்பர் பேண்டு, பிளாஸ்டிக் பை, செலோடேப் எதுவும் வேண்டாம். தளர்வாகப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, சென்னையின் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடத்தில் கேளுங்கள். உதிர்ந்த துணுக்குகளைக் கூட்டித் தள்ளாமல் ஒரு காகித உறையில் போட்டு உடன் கொண்டுபோங்கள். பாதி எழுத்து அதில் இருக்கலாம்.